டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்: நீலகிரியின் பழைய தேக்கு வாசல்களுக்கு ஏற்றதா?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நூறு வருஷம் கண்ட வீடுகளின் பெரிய தேக்கு வாசலுக்கு எங்கள் பரிந்துரை டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்தான், அதாவது சீக்கிரம் காயும்படி பக்குவப்படுத்திய ஆளி விதை எண்ணெய். ஆனால் கதவுக்கு மேலே போர்டிகோவோ அகலமான தாழ்வாரமோ இருக்க வேண்டும். சாரல் நேரே அடிக்கிற வாசலுக்கு இது மட்டும் போதாது.

பெயின்ட் கடையில் பி.யு. (பாலியூரிதேன்) பாலிஷைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள்; மரத்தின் மேல் பிளாஸ்டிக் படலம் போல நிற்கும் பூச்சு இது. பளபளப்பு பிரமாதமாக இருக்கும். ஆனால் இங்கே மரம் மழைக்காலத்தில் உப்பும், பிப்ரவரி வெயிலில் சுருங்கும். பலகைகள் சேரும் இடத்தில் பி.யு. மயிரிழையாக வெடிக்கும். உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மரம் கறுத்துவிடும். பிறகு அதைச் சுரண்டினால் செதுக்கு வேலையும் சேர்ந்து மழுங்கும். பாரம்பரியச் சின்னமாகக் காக்கப்படும் வாசலில் அந்தச் சேதத்தைச் சரிசெய்யவே முடியாது. லின்சீட் ஆயில் மரத்துக்குள் இறங்கிவிடும். மங்கிய இடத்தை மட்டும் மறுபடி துடைத்துப் பூசினால் போதும்.

எட்டடிக்கு நாலரை அடி இரட்டைக் கதவு, நிலை, இரண்டு பக்கமும் மூன்று கோட்: சுமார் ஒன்றரை லிட்டர் பிடிக்கும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதனால் தூசி பறக்கத் தேய்க்காமல், வாட்டர் பேப்பரை (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்துத் தேயுங்கள். மரம் நன்றாகக் காய்ந்ததும் டர்பன்டைன் தொட்டு ஒருமுறை துடையுங்கள். தேக்கின் சொந்த எண்ணெய் மேலே இருந்தால் பூச்சு காயாது.

முதல் கோட்டுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. அடுத்த இரண்டும் மெல்லிசாக, கலக்காத எண்ணெய். ஒவ்வொரு முறையும் இருபது நிமிஷத்தில் மரம் குடிக்காத எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். இதில் சோம்பல்பட்டால் கதவு பிசுபிசுவென்று நிற்கும், மஞ்சு இறங்கும் நாட்களில் கரும்பூஞ்சை பிடிக்கும். டின்னில் 24 மணி நேரம் என்று போட்டிருந்தாலும் ஊட்டிக் குளிருக்கு இரண்டு மூன்று நாள் விடுங்கள். வேலைக்கு ஏற்ற காலம் பிப்ரவரி, மார்ச்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. இந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். குவிந்த துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, மூடியுள்ள தகர டின்னில் போடுங்கள்.

நிலைக்காலின் அடிப்பாகத்துக்கு மட்டும் எந்த எண்ணெயும் உதவாது. பழைய சுண்ணாம்புக் காரையை எடுத்துவிட்டு சிமென்ட் பூசியிருந்தால் ஈரம் அங்கேயே தேங்கி, கால் அடியிலிருந்து உளுத்துவரும். ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்த உத்தரங்கள், 1831இல் திறந்த ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்தில் இன்றும் உறுதியாக நிற்கின்றன. ஈரம் தேங்காத மரம் அவ்வளவு காலம் தாங்கும். முதலில் சிமென்ட்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு வையுங்கள், எண்ணெய் டின்னை அப்புறம் வாங்கலாம்.