அப்வொர்க்: வேலையை விட நினைக்கும் டிஜிட்டல் மார்க்கெட்டருக்கு ஏற்ற இடமா?

கம்பெனியில் நாலைந்து வருடம் கூகுள் ஆட்ஸ் (கூகுள் விளம்பரங்கள்), எஸ்இஓ (தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) பார்த்தவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பார்கள்: க்ளையன்டிடம் கம்பெனி வாங்குவது எவ்வளவு, நம் கைக்கு வருவது எவ்வளவு? அதற்குப் பிறகு பலர் போய் நிற்கும் இடம் அப்வொர்க். ஈலான்ஸும் ஓடெஸ்க்கும் இணைந்து, 2015ல் இந்தப் பெயரை எடுத்துக்கொண்ட ஃப்ரீலான்ஸ் தளம்: க்ளையன்டுகள் வேலையைப் போடுவார்கள், தனியாளாக வேலை செய்பவர்கள் விண்ணப்பிப்பார்கள். குறிப்பிட்ட ஒரு கோளாறைச் சரிசெய்யத் தெரிந்தவருக்கு இது நல்ல இடம். "டிஜிட்டல் மார்க்கெட்டிங் எல்லாமே செய்வேன்" என்பவர் சம்பள வேலையை விடாமல் இருப்பதே நல்லது.

முதலில் செலவு. ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க 'கனெக்ட்' என்ற டோக்கன்கள் வேண்டும், ஒன்று 0.15 டாலர். 12 கனெக்ட் கேட்கும் வேலை என்றால் 1.80 டாலர். அப்படி 20 விண்ணப்பம் போட்டால் 36 டாலர், ஒரு பதில்கூட வராமலும் போகலாம். பட்டியலில் மேலே தெரிய கூடுதல் கனெக்ட் வைத்து ஏலம் கேட்கும் வசதியும் உண்டு. ஆரம்பத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம். அப்வொர்க் எடுக்கும் கமிஷன் 2023ல் ஒரே விகிதமாக 10 சதவீதம் ஆனது. 2025 மே முதல் புது ஒப்பந்தங்களுக்கு வேலையைப் பொறுத்து 0 முதல் 15 சதவீதம். விலை சொல்லும் முன் இதைக் கழித்துப் பாருங்கள்.

அப்படியானால் எந்த வேலை ஓடும்? கன்வெர்ஷன் ட்ராக்கிங், அதாவது விளம்பரத்தால் நடந்த விற்பனையை எண்ணுவது, ஒரு நல்ல உதாரணம். கூகுள் ஆட்ஸின் சொந்த டேக் (விற்பனையைப் பதிவு செய்யும் கோட் துணுக்கு) ஒரு பக்கம், கூகுளின் அனலிட்டிக்ஸ் கருவியான ஜிஏ 4ல் இருந்து இறக்கிய அதே பர்ச்சேஸ் இன்னொரு பக்கம், இரண்டும் 'பிரைமரி' (முக்கியக் கணக்கில் சேர்வது) என்று இருக்கும். ஒரு விற்பனை இரண்டாகக் கணக்காகும். 'நன்றி' பக்கத்தை வாடிக்கையாளர் ரிஃப்ரெஷ் செய்தால், டிரான்ஸாக்ஷன் ஐடி (ஆர்டர் எண்) அனுப்பாத கடையில் இன்னொன்றும் சேரும். க்ளிக்குக்குத் தானாக விலை வைக்கும் ஸ்மார்ட் பிட்டிங் இந்தப் பொய்க் கணக்கை நம்பி அதிக விலைக்கு க்ளிக் வாங்கிக்கொண்டே இருக்கும். ஒன்றை 'செகண்டரி' (முக்கியக் கணக்கில் சேராதது) ஆக்கி, ஐடியை டேக்குகளை நிர்வகிக்கும் டேக் மேனேஜர் வழியாக அனுப்பி, ஒரு சோதனை ஆர்டர் போட்டுக் காட்டினால் வேலை முடிந்தது. தொடக்கமும் முடிவும் தெளிவாக இருப்பதால், ஃபிக்ஸட் விலையில் தயக்கமில்லாமல் எடுக்கலாம்.

எஸ்இஓவை அப்படி எடுக்கவே கூடாது. பலன் தெரிய மாதங்கள் ஆகும், க்ளையன்டோ முதல் மைல்ஸ்டோனிலேயே (பணம் தரும் முதல் கட்டத்திலேயே) ரேங்க் எங்கே என்பார். எந்த ஃபிக்ஸட் வேலையிலும் மைல்ஸ்டோனுக்குப் பணம் எஸ்க்ரோவில் (வேலை முடியும்வரை தளம் பிடித்துவைக்கும் கணக்கில்) வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே தொடங்குங்கள். வேலையைச் சமர்ப்பித்து 14 நாள் க்ளையன்ட் வாயே திறக்காவிட்டால் பணம் தானாக விடுவிக்கப்படும்.

மணிக்கணக்கு ஒப்பந்தத்தில் அப்வொர்க்கின் டெஸ்க்டாப் ஆப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திரையைப் படம் பிடிக்கும். கீபோர்டு, மவுஸ் அசைவையும் எண்ணும். நம் தொழிலில் இது உண்மையான சங்கடம். ரிப்போர்ட்டை வெறித்துப் பார்த்து யோசிக்கும் அரைமணி நேரம்தான் க்ளையன்டுக்கு அதிக லாபம் தரும். ஆனால் ஆப்புக்கு அது சும்மா இருந்த நேரம். கையால் சேர்க்கும் நேரத்துக்குப் பணப் பாதுகாப்பு கிடையாது. அதனால் யோசிக்கும்போதே குறிப்பையும் தட்டச்சு செய்துகொண்டே போங்கள். வாரக் கணக்கு நம் நேரப்படி திங்கள் அதிகாலை 5.30க்கு முடியும், பணம் அடுத்த வாரம் புதன்கிழமைதான் எடுக்க வரும்.

விளம்பரக் கணக்கு எப்போதும் க்ளையன்ட் பெயரில், அவர் கார்டில் இருக்கட்டும். கூகுள் ஆட்ஸில் அவருடைய பத்து இலக்கக் கஸ்டமர் ஐடியை வாங்கி, பல கணக்குகளைக் கையாளும் உங்கள் மேனேஜர் கணக்கில் இணைத்தால் போதும். உங்கள் கார்டைக் கொடுத்தால், சண்டை வரும் நாளில் விளம்பரச் செலவும் உங்கள் தலையில்தான்.

இவ்வளவு தெரிந்தவர்கள் ஏன் இன்னும் கம்பெனியில் இருக்கிறார்கள், சொந்தமாகப் பொருள் விற்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். காரணம் திறமைக் குறைவு அல்ல, பட்ஜெட். ஒரு கன்வெர்ஷனுக்கு இவ்வளவுதான் என்று கூகுளிடம் சொல்லிவைக்கும் டார்கெட் சிபிஏ ஒழுங்காகப் படிய 30 நாளில் 30 கன்வெர்ஷனாவது வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. ஒரு லீடு (விசாரித்து வரும் வாடிக்கையாளர்) 500 ரூபாய் என்று வைத்தால், கற்றுக்கொள்ளவே மாதம் 15,000 ரூபாய் போகும், அதுவும் சொந்தப் பணம். கம்பெனியில் அந்தப் பரிசோதனை அடுத்தவர் காசில் நடக்கிறது. டிசைனர், டெவலப்பர் பக்கத்திலேயே இருப்பார்கள். முதலாளி பங்கு பிஎஃப் தனி. பெரிய பட்ஜெட்டைக் கையாளும் அனுபவம் வேண்டுபவருக்கு அப்வொர்க்கின் சின்னச் சின்ன வேலைகள் அதைத் தராது.

தளத்தில் கிடைத்த க்ளையன்டை, அப்வொர்க்குக்குத் தனிக் கட்டணம் கட்டாமல் வெளியே அழைத்துப்போய்ப் பணம் வாங்குவதும் முடியாது: இரண்டு வருடத் தடை உண்டு, மீறினால் கணக்கே போகலாம். ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். வெளிநாட்டு க்ளையன்டுக்கு வரி கட்டாமல் பில் போட ஒவ்வொரு நிதியாண்டும் எல்யுடி என்ற உறுதிமொழிக் கடிதம் தாக்கல் செய்ய வேண்டும். வேலையில் இருந்துகொண்டே ப்ரொஃபைல் திறப்பவர்கள், அதற்கு முன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து, வெளிவேலை பார்க்கக் கூடாது என்ற வரி இருக்கிறதா என்று படித்துவிடுங்கள்.