வாயால் பட்டு, ரசீதில் வெறும் சேலை

"தூய பட்டு, அசல் கைத்தறி" என்று வாயால் சொல்லிவிட்டு, ரசீதில் "சேலை – 1" என்று மட்டும் அச்சடித்துக் கொடுக்கும் கடையில் பணம் கட்டாதீர்கள். நான் சொல்ல வந்தது இதுதான். நடந்ததை விவரமாக எழுதுவதற்குக் காரணம், முகூர்த்த நாட்கள் நெருங்குகின்றன. நான் ஏமாந்த கடையிலும் அதைப் போன்ற கடைகளிலும் இந்நேரம் கூட்டம் சேர ஆரம்பித்திருக்கும்.

கடை தென்சென்னையில் இருக்கிறது. பழைய பங்களா ஒன்றைப் புதுப்பித்து, ஆத்தங்குடிக் கல் பதித்து, முற்றத்து உருளியில் தாமரை மிதக்கவிட்டு நடத்துகிறார்கள். கீழே சேலையும் லினன் உடைகளும், பக்கத்து அறையில் நகைகள், மாடியில் வீட்டு அலங்காரப் பொருட்கள். உள்ளே நுழைந்ததும் டவரா டம்ளரில் காபி வரும். காபியில் குறை சொல்வதற்கில்லை. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

முதலில் 'ஸ்டைல் ஆலோசனை' என்று ஒன்று. கட்டணம் 2,500 ரூபாய். பொருள் வாங்கினால் பில்லில் கழித்துக்கொள்வார்கள். கழித்துக்கொள்வார்கள் என்பதாலேயே வெறுங்கையோடு வெளியே வர யாருக்கும் மனம் வராது, அதுதான் கணக்கு. கண்ணாடி முன் உட்காரவைத்து, விதவிதமான நிறத் துணிகளைத் தோளில் போர்த்திப் போர்த்தி எடுத்து, "உங்களுக்கு இலையுதிர்கால நிறங்கள்தான் மேம்" என்று தீர்ப்புச் சொன்னார் ஆலோசகர். தோல், கண், முடி நிறத்தைப் பார்த்து மனிதர்களை நான்கு பருவங்களாகப் பிரிக்கும் இந்த முறை 1980-களில் மேலைநாடுகளில் பரவியது. இப்போது இன்ஸ்டாகிராம் வழியாக நம் ஊருக்கு வந்திருக்கிறது. அறை முழுக்க மஞ்சள் விளக்கு. அந்த வெளிச்சத்தில் அரக்கு, செங்கல், கடுகு மஞ்சள் எல்லாம் யார் தோளில் போட்டாலும் எடுப்பாகத்தான் தெரியும், நீலம் மங்கிவிடும். சேலையைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் விரித்துப் பார்த்த நம் பாட்டிமாருக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு ஒருநாள் என் தங்கை போனாள். அவள் நிறம் வேறு, முடி வேறு. அவளும் இலையுதிர்காலம்தானாம். அவளுக்கும் அதே அலமாரியிலிருந்துதான் எடுத்துப் போட்டார்கள். அந்த அலமாரியில் எது விற்காமல் தேங்குகிறதோ, அதற்கேற்பப் பருவம் மாறும் என்பது என் அனுமானம்.

சரி, சேலைக்கு வருகிறேன். அரக்கு உடல், மயில்கழுத்துக் கரை, விலை 24,000 ரூபாய். "காஞ்சிபுரம் பட்டு மேம், கோர்வை" என்றார்கள். சேலையில் ஓர் அட்டை தொங்கியது. கோ-ஆப்டெக்ஸ் ஒரு காலத்தில் நெய்தவரின் படத்தை அட்டையில் போட்டுச் சேலையோடு கொடுத்தது நினைவிருக்கலாம். நல்ல முயற்சி அது. அதைப் பார்த்துச் செய்த அட்டை இது: தறிக்குப் பக்கத்தில் நரைத்த மீசையுடன் ஒரு பெரியவர், மேலே "காஞ்சிபுரம் பட்டு", கீழே "காஞ்சிபுரத்தைச் சேர்ந்த இவர் பதினெட்டு நாள் உழைத்து நெய்தது" என்ற வாசகம். பெயர் இல்லை, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் இல்லை, தூய பட்டுக்கு அடையாளமான சில்க் மார்க் முத்திரையும் இல்லை. கேட்டதற்கு, "நாங்கள் நெசவாளரிடம் நேரடியாக வாங்குகிறோம், அதெல்லாம் பெரிய கடைகளுக்குத்தான்" என்றார்கள்.

குட்டு வெளிப்பட்டது குஞ்சம் கட்டக் கொடுத்த இடத்தில். எங்கள் தெருவில் முந்தானைக்குக் குஞ்சம் கட்டித் தரும் அம்மா ஒருவர் இருக்கிறார். சேலையை மடியில் போட்டு நுனி நூல்களைப் பிரித்தவர், இரண்டு விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "இது பட்டு நூல் இல்லையே அம்மா. கடையில் என்ன சொன்னார்கள்?" என்றார். வீட்டுக்கு வந்ததும் அத்தை, அதாவது என் மாமியார், நீளவாக்கில் ஓடும் பாவிலிருந்து ஒரு நூல், குறுக்கே ஓடும் ஊடையிலிருந்து ஒரு நூல் என்று தனித்தனியாக உருவி, இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினார். பட்டு என்பது முடியைப் போலப் புரதம். எரிந்தால் முடி கருகும் வாடைதான் வரும், சாம்பல் விரல் பட்டதும் பொடியாகிவிடும். இந்த நூல் எரியவே இல்லை. சுருங்கி, உருகி, கடுகளவு கறுப்பு உருண்டையாகத் திரண்டு நின்றது. ஆறியபின் நகத்தால் அழுத்தினால் நசுங்கவில்லை. பிளாஸ்டிக் வாடை. பாவும் அப்படி, ஊடையும் அப்படி.

அத்தைக்கு அதற்குப் பிறகு வேகம் வந்துவிட்டது. சரிகையை நகத்தால் சுரண்டினார். காஞ்சிபுரத்தின் அசல் சரிகையில் உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கும். அதன்மேல் வெள்ளிக் கம்பி, வெள்ளியின் மேல் தங்க முலாம். இதில் உள்ளே இருந்தது வெளுத்த செயற்கை நூல். அடுத்து கரையைத் திருப்பிப் போட்டார். கோர்வை என்றால் உடலுக்கு ஒரு ஊடை, கரைக்கு வேறு ஊடை; இரண்டும் சேரும் இடத்தில் ஒன்றோடொன்று கோத்து வாங்கியிருக்கும். உதவிக்கு இன்னொரு ஆள் உட்கார்ந்து ஊடை நூல் சுற்றிய நாடாவைத் தள்ள வேண்டிய வேலை அது, கோர்வைச் சேலையின் விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். இதில் உடலின் அரக்கு ஊடையே கரைக்குள்ளும் நேராக ஓடியிருந்தது. அதனால்தான் மயில்கழுத்து நிறம் பக்கவாட்டில் பார்த்தால் கலங்கித் தெரிந்தது.

பாலியஸ்டரை விசைத்தறியில் நெய்வது குற்றமில்லை. வெள்ளியில்லாத சரிகை போட்டு மலிவாக விற்பதும் குற்றமில்லை. வாங்குகிறவரிடம் சொல்லி, அதற்கான விலையில் விற்றால் சரி. இந்தச் சேலையை அதன் உண்மையான பெயரில் விற்றிருந்தால் பத்தில் ஒரு பங்கு விலை கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம். காஞ்சிபுரம் பட்டு 2005-06-லேயே புவிசார் குறியீடு (ஓர் ஊரின் பெயரை அந்த ஊர்ப் பொருளுக்கே உரியதாக்கும் பதிவு) பெற்ற பெயர். அந்தப் பெயரை ஓர் அட்டையில் அச்சடித்துத் தொங்கவிட்டு 24,000 வாங்கியிருக்கிறார்கள்.

மாடியில் வாங்கிய உருளியின் கதை இதைவிடச் சுருக்கம். "வெண்கலம், கேரளத்து வார்ப்பு" என்று 11,500 ரூபாய். கூடத்தில் வைத்து, தண்ணீர் ஊற்றிப் பூப் போட்டோம். மறுநாள் காலை தண்ணீர் நின்ற மட்டத்தில் செம்பழுப்பாக ஒரு கோடு. வெண்கலமும் பித்தளையும் துருப்பிடிக்கிற உலோகங்கள் அல்ல. பச்சையாகக் களிம்பு ஏறும், அவ்வளவுதான். புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வர வேண்டும். இதில் பொன்னிறமே தோலாக உரிந்து, அடியில் சாம்பல் நிற இரும்புத் தகடு தெரிந்தது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வைத்தேன், கப்பென்று பிடித்துக்கொண்டது. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு என்றும் நம்பிவிட வேண்டாம். முலாம் பூசிய அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது. ஆனால் அதே அளவும் தடிமனும் உள்ள பித்தளை அலுமினியத்தைப்போல் மூன்று மடங்கு எடை இருக்கும், கையில் தூக்கினாலே தெரியும். உண்மையான பாத்திரக்கடையில் வெண்கலத்தைத் தராசில் வைத்து, கிலோ என்ன விலை என்று சொல்லித்தான் விற்பார்கள். 'பீஸ் இவ்வளவு' என்று ஆரம்பித்தாலே எடை என்ன என்று கேளுங்கள். அங்கே எடை கேட்டதற்கு, "இது அலங்காரப் பொருள் மேம், எடை பார்த்து வாங்குவதில்லை" என்று ஒரு மாதிரி பார்த்தார்கள்.

வாசனை மெழுகுவத்தியையும் விட்டுவைக்கவில்லை. "கிராமத்துப் பெண்கள் கையால் வார்த்தது, 1,290 ரூபாய்" என்று பெட்டிமேல் ஸ்டிக்கர். ஓரம் தூக்கிக்கொண்டு நின்றதால் என் மகள் உரித்துவிட்டாள். அடியில் வேறு தயாரிப்பாளர், வேறு மாநிலம், அதிகபட்ச விலை 349. பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி விலையைக் கூட்ட ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது. குறைக்க ஒட்டலாம், அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது.

எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு தங்கையுடன் கடைக்குப் போனேன். மேலாளர் சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினார். "மேம், கையால் செய்த பொருளில் சிறுசிறு குறைகள் இருக்கும். அந்தக் குறைதான் அதன் அழகு." இந்த வாசகம் சுவரிலும் எழுதி மாட்டியிருக்கிறது. நூல் முடிச்சுக்கும், சாயம் ஓரிடத்தில் ஏறி ஓரிடத்தில் இறங்கியதற்கும் சொல்ல வேண்டிய நியாயமான வார்த்தை அது. தறியில் உட்கார்ந்து கண் போனவர்கள் சொன்னால் தலைவணங்கிக் கேட்டுக்கொள்ளலாம். இவர்கள் அதை விசைத்தறி பாலியஸ்டருக்குக் கேடயமாகப் பிடிக்கிறார்கள். "குறை இருக்கட்டும் தம்பி, பட்டு எங்கே?" என்று கேட்டேன். "ரசீதில் பட்டு என்று நாங்கள் எழுதவில்லையே மேம்" என்றார். நிஜமாகவே எழுதவில்லை. "சேலை – 1. உருளி – 1. மெழுகுவத்தி – 1." அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது."

நான் வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் தங்கை சும்மா நிற்காமல் கடையைச் சுற்றி வந்தாள். தரைவிரிப்புகள் அடுக்கியிருந்த இடத்தில் "பவானி ஜமக்காளம்" என்று ஒரு கட்டு. அதிலும் அட்டை. அட்டையில் அதே பெரியவர், அதே நரைத்த மீசை, அதே தறி. "பவானியைச் சேர்ந்த இவர் ஏழு நாள் உழைத்து நெய்தது." காஞ்சிபுரத்தில் பட்டும் நெய்து, நெடுந்தூரம் கடந்து பவானியில் ஜமக்காளமும் நெய்கிறார் போலும். தங்கை அமைதியாகக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள். ஜமக்காளம், 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி கைத்தறிக்கென்று ஒதுக்கிய பொருட்களில் ஒன்று. சோலாப்பூர் விசைத்தறிச் சரக்கு பவானியின் பெயரில் விற்பதைப் பற்றி அங்குள்ள நெசவாளர்கள் பல ஆண்டுகளாகக் குமுறுகிறார்கள். அந்தக் கட்டு எங்கே நெய்தது என்று எனக்குத் தெரியாது. அட்டை பொய் என்பது மட்டும் தெரியும்.

கடைசியில் அவர்கள் கொடுக்க முன்வந்தது ஒரு 'கிரெடிட் நோட்', அதாவது பணத்துக்குப் பதில் அதே கடையில் வேறு பொருள் எடுத்துக்கொள்ளும் சீட்டு. மூன்று மாதக் கெடு, புதிய வரவுகளுக்குச் செல்லாது, சேலைக்கு மட்டும். அதாவது அதே அலமாரிக்கே திரும்பிப் போ என்கிறார்கள். வாங்க மறுத்துவிட்டேன். வாங்கிக் கையெழுத்துப் போட்டிருந்தால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நானே எழுதிக் கொடுத்ததாகக் காட்டியிருப்பார்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, நம்பலாம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. ரசீது தராததும் அந்தப் பட்டியலில்தான் வருகிறது. நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பதற்கெல்லாம் இது உதவாது. பட்டு என்று சொல்லி பாலியஸ்டர் விற்றதற்கு உதவும். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ். பதில் இல்லை. பிறகு மாவட்ட ஆணையத்தில் மனு. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். சேலைத் துண்டைச் சோதனைக்குக் கொடுத்து, பட்டு இல்லை என்று எழுத்தில் வாங்கி இணைத்தேன். அடுப்பில் காட்டியது நமக்குப் போதும், ஆணையத்துக்குப் போதாது.

மனுவில் எனக்குப் பெரிய பலம் ரசீது அல்ல, அட்டைதான். வாயால் சொன்னதை இல்லை என்பார்கள். அட்டையில் "பட்டு", "காஞ்சிபுரம்", "நெய்தது" என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்களே. வாட்ஸ்அப்பில் சேலைப் படத்தோடு "தூய பட்டு" என்று அனுப்பியிருந்த செய்தியும் இருக்கிறது. அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாயிற்று.

இனிமேல் இப்படிப்பட்ட கடைக்குப் போகிறவர்கள், பணம் கட்டும் முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நீங்கள் சொன்னதை அப்படியே ரசீதில் எழுதிக் கொடுங்கள். தூய பட்டு, கைத்தறி, வெண்கலம், எடை இவ்வளவு." சில்க் மார்க் ஒட்டிய சேலையை விற்பவரும் தராசு வைத்திருப்பவரும் யோசிக்காமல் எழுதித் தருவார்கள். கணினியில் அப்படி எழுத வசதியில்லை என்றால் பேனாவால் எழுதி முத்திரை வைக்கச் சொல்லுங்கள். என் தோழி ஒருத்தி நான் சொன்னதைக் கேட்டு இதைப் போன்ற வேறொரு கடையில் இப்படிக் கேட்டிருக்கிறாள். 16,000 சொன்ன சேலை, ரசீதில் எழுத வேண்டாம் என்றால் 9,000 என்று இறங்கியதாம்.

நரைத்த மீசைப் பெரியவரின் படம் போட்ட அட்டை உங்கள் வீட்டில் எந்தச் சேலையிலாவது, ஜமக்காளத்திலாவது தொங்கினால் கத்தரித்து எறிந்துவிடாதீர்கள். ரசீதோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.