கரையை உயர்த்துவதா, நீரைத் தாழ்த்துவதா?

தேன்கனிக்கோட்டைப் பக்கம் என் உறவினர் ஒருவர் வாங்கிய நிலத்துடன் ஒரு சிறு அணையும் வந்து சேர்ந்தது. முன்பிருந்தவர் ஓடையை மறித்து மண் கரை போட்டு, படகு விடவும் தூண்டில் போடவும் ஒரு ஏக்கருக்கு நீர் தேக்கியிருந்தார். கரையில் வேம்பு வளர்ந்திருக்கிறது. அடிவாரம் கோடையிலும் காய்வதில்லை. கீழே ஓடையோரம் ஏழெட்டு வீடுகள். என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு மூன்று பேர் மூன்று வழி சொன்னார்கள்.

கரையை இன்னும் உயர்த்திவிடலாம் என்றார் பொக்லைன்காரர். செலவு குறைவு, நீர்ப்பரப்பும் விரியும். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. உயரம் கூடினால் உடையும்போது இறங்கும் நீரும் கூடும். பழைய மண்மேல் புது மண்ணைக் கொட்டி, நீர் தெளித்து அடுக்கடுக்காக இறுக்காவிட்டால் இரண்டும் சேரும் இடமே கசிவுக்கு வழியாகும். வேம்பை வெட்டினாலும் வேர் மக்கிய துளைகள் கரைக்குள் நிற்கும்.

கோடியை, அதாவது குளம் நிரம்பினால் மிகை நீர் வெளியேறும் வழியை, அகலப்படுத்தி நீர்மட்டத்தைத் தாழ்த்துவது இரண்டாம் வழி. மண் கரைக்கு எமன், மேலே வழிந்தோடும் நீர்தான். அது பின்சரிவை அரித்து அரித்துக் கரையையே தின்றுவிடும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. 100 ஏக்கர் சரிவில் அப்படிப் பெய்து பாதி நீர் ஓடிவந்தாலே ஒரு லட்சம் கன மீட்டர். மூன்று மீட்டர் ஆழமுள்ள ஒரு ஏக்கர் குளம் கொள்வது 12,000 கன மீட்டர்தான். மீதி அத்தனையும் கோடி வழியாகத்தான் போக வேண்டும். அமெரிக்காவின் சவுத் ஃபோர்க் அணையும் செல்வந்தர்களின் கேளிக்கைச் சங்கம் ஒன்றுக்குச் சொந்தமானதே. மீன் தப்பாதிருக்கக் கோடியில் வலை கட்டினார்கள்; வண்டி போகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள்; நீரை வடிக்க அணையின் அடியில் இருந்த குழாய்கள் முன்பே அகற்றப்பட்டிருந்தன. 1889 மே 31 அன்று அது உடைந்து, ஜான்ஸ்டவுனில் 2,200 பேருக்கு மேல் மாண்டார்கள். உறவினரின் கோடியிலும் இன்று மீன்வலை கட்டியிருக்கிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நிம்மதியில்லை.

மூன்றாவது, கரையை அகற்றி ஓடையை அதன் போக்கில் விட்டு, பக்கத்தில் தரைமட்டத்துக்குக் கீழே குட்டை வெட்டுவது. உடைவதற்குக் கரையே இருக்காது. படகுக்கு இடம் சுருங்கும், செலவும் கூடும். நீரை நாள்கணக்கில் மெல்ல இறக்க வேண்டும். சட்டென்று வடித்தால் உள்சரிவு சரிந்துவிடும்.

2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் ஷட்டர் ஒன்று உடைந்தபோது கரையோர மக்களை எச்சரிக்க அரசு இருந்தது. இதுபோன்ற தனியார் கரைக்கு யார் இருக்கிறார்கள்? 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும் மட்டுமே கணக்கில் எடுக்கிறது. போதாக்குறைக்கு, ஓடை புறம்போக்கா என்று நில அளவை வரைபடத்தில் அவர் இன்னும் பார்க்கவில்லை.

கீழே வெறும் காடாக இருந்திருந்தால் இரண்டாம் வழியே போதும் என்பேன். வீடுகள் இருப்பதால் மூன்றாவதுதான். பிள்ளைகள் படகுக்கு ஏங்குகிறார்கள் என்று அவர் தயங்குகிறார். முடிவெடுக்கும்வரை மதகைத் திறந்து நீரைப் பாதியாக வைத்திருங்கள், அந்த வலையை இன்றே அறுத்தெறியுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அடிவாரக் கசிவு தெளிந்த நீராக இருக்கிறவரை கவனித்துக்கொண்டிருக்கலாம். செம்மண் கலந்து வந்தால் கரை உள்ளே அரிக்கப்படுகிறது என்று பொருள். அப்போது மண்மூட்டை தேடாமல் முதலில் அந்த ஏழெட்டு வீட்டுக் கதவுகளைத் தட்ட வேண்டும்.