எலி கேக்கில் 6,840 ரூபாய் போச்சு, ஆன்லைனில் வாங்குகிறவர்கள் படியுங்கள்

ஏமாந்தது நேற்று ராத்திரிதான் உறுதியானது, கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நாமக்கல் பக்கம் எனக்குச் சின்னத் தீவனக் கடை. பின்னாலேயே குடோன், மக்காச்சோளம், தவிடு, புண்ணாக்கு மூட்டைகள், எலிக்கு வேறென்ன வேண்டும்? பொறி வைத்து மாளாமல், ஆன்லைன் சந்தை ஒன்றில் புரோமாடியோலோன் என்ற எலி மருந்து கேக் 24 பாக்கெட், ஒன்று 285 வீதம் 6,840 ரூபாய்க்கு வாங்கினேன்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. விற்பவனிடம் முதலில் போனில் பேசினேன். "அண்ணா, இது தின்ன உடனே கொல்ற மருந்து இல்லீங்க. ரத்தம் உறைய விட்டமின் கே வேணும், அந்த வேலையை இது நிறுத்திடும். உள்ளுக்குள்ளயே ரத்தம் கசிஞ்சு நாலஞ்சு நாள்ல போயிடும். உடனே செத்துச்சுன்னா மத்த எலி உஷாராகி கேக்கைத் தொடாதுங்க" என்றான். வேளாண் கல்லூரியில் படிக்கும் அக்கா பையனிடம் கேட்டேன், "அத்தனையும் சரிதான் மாமா" என்றான். அங்கேதான் விழுந்தேன். இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவானா என்று நினைத்துவிட்டேன், என் புத்தி அவ்வளவுதான்.

கேக் வந்தது. பச்சை நிறம், தொட்டால் விரலெல்லாம் சாயம். வைத்த இரண்டாம் நாளே பாதி காலி, மூட்டை மேலெல்லாம் பச்சைப் பச்சையாகப் புழுக்கை. போட்டோ எடுத்து அனுப்பினேன், "சூப்பருங்கண்ணா, வேலை செய்யுது, பொறுங்க" என்று பதில். ஐந்தாம் நாள் ஒன்றும் சாகவில்லை. பொறுங்க. எட்டாம் நாள் கேட்டால், "பெருச்சாளிக்கு பத்து நாள் ஆகும்ணா". திருப்பி அனுப்ப ஏழு நாள்தான் கெடு என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. மருந்து மெதுவாகத்தான் கொல்லும் என்ற உண்மையைச் சொல்லியே அந்த ஏழு நாளையும் ஓட்டிவிட்டான் பாவி.

பன்னிரண்டாம் நாள் பட்டப்பகலில் ஒரு பெருச்சாளி தராசுத் தட்டின் மேல் ஏறி இறங்கிப் போனது, நன்றாகக் கொழுத்திருந்தது. அதற்கும் பதில் வைத்திருந்தான்: "உங்க ஊர் எலிக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும்ணா." அப்படி ஒன்று இருப்பதும் நிஜம்தான், வார்ஃபரின் என்ற பழைய எலி மருந்துக்கு அடங்காத எலிகளை 1958லேயே ஸ்காட்லாந்தில் பார்த்திருக்கிறார்களாம். அதற்காக ஒரு குடோனில் ஒன்றுகூடவா சாகாது? கேட்டதும் பிளாக் செய்துவிட்டான். அந்த ஆப்பின் சாட்டில் நான்கு முறை வருத்தம் தெரிவித்தார்கள், நான்கு முறையும் கெடு முடிந்துவிட்டது என்றார்கள். 6,840 ரூபாய்.

நேற்று அக்கா பையன் வந்து டார்ச் அடித்து பாக்கெட்டைப் பார்த்தான். புரோமாடியோலோன் 0.005 சதவீதம் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பதிவு எண் இல்லை, காலாவதி தேதி இல்லை, சாய்சதுர நச்சுக் குறி இல்லை, முறிவு மருந்து என்ன என்ற வரியும் இல்லை. ஒரு கேக்கை உடைத்தான், மெழுகும் மாவும் சாயமும் மாதிரிதான் தெரிகிறது. உள்ளே என்ன என்று யாருக்குத் தெரியும்? மூட்டை தூக்க வரும் அம்மாவின் பேரன் அந்தக் குடோனில்தான் விளையாடுகிறான். அவன் ஒரு துண்டைக் கடித்திருந்தால் டாக்டரிடம் எதைக் காட்டியிருப்பேன்? நிஜ புரோமாடியோலோன் என்றால் விட்டமின் கே1 கொடுப்பார்கள், ஜிங்க் பாஸ்பைடு என்ற வேறு எலி மருந்து என்றால் அதற்கென்று முறிவு மருந்தே கிடையாது. பணம் போனதைவிட இதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

என்ன செய்யணும் என்று விவரமாக எழுத நினைத்தேன், மூட்டை இறக்க லாரி வந்து நிற்கிறது. லைசென்ஸ் உள்ள பூச்சிமருந்துக் கடையில் பில்லோடு வாங்குங்கள். பதிவு எண் இல்லாத பாக்கெட்டைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள், வந்த அன்றே திருப்பிவிடுங்கள். கேக்கைத் திறந்தவெளியில் போடாதீர்கள், எலி மட்டும் நுழையும் ஓட்டையுள்ள பெட்டிக்குள் வையுங்கள், செத்த எலி கிடந்தால் நாய், காக்கை தின்பதற்குள் எடுத்துப் புதையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் புகார் கொடுத்தாச்சு.

காலையில் அதே ஆப்பைத் திறந்தேன். அதே பச்சைக் கேக், அதே போட்டோ, கடைப் பெயர் மட்டும் வேறு. விலை 299.