உருளைக்கிழங்கின் நீரியல் திறன்: எடை போடுவதா, சொட்டு விடுவதா?

கல்லூரிச் செய்முறை வகுப்பில் திசுவின் நீரியல் திறனை, அதாவது அது நீரை எவ்வளவு வலுவாக இழுக்கும் என்பதை, அளக்கச் செலவில்லாத வழிகள் இரண்டு. ஒன்று எல்லோரும் செய்யும் எடை முறை. மற்றது சர்தகோவ் பெயரில் வழங்கும் சொட்டு முறை. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: பல செறிவுகளில் சுக்ரோஸ் கரைசல் வைத்து, எதில் திசு நீரை உறிஞ்சவும் இல்லை, இழக்கவும் இல்லை என்று கண்டுபிடிப்பது. அந்தக் கரைசலின் நீரியல் திறன்தான் திசுவின் திறனும். எடை முறை கிழங்குத் துண்டின் எடை மாறியதா என்று பார்க்கிறது, சொட்டு முறை கரைசலின் அடர்த்தி மாறியதா என்று பார்க்கிறது. எங்கள் வகுப்புக்கு நான் எடுத்தது சொட்டு முறை.

எடை முறையில் செறிவுக்கு எதிரே எடை மாற்றத்தின் வரைபடம் கிடைக்கும், இரு செறிவுகளுக்கு நடுவே உள்ள மதிப்பையும் படித்துவிடலாம். அது பெரிய வசதிதான். தொல்லை எங்கே என்றால், துண்டைத் துடைப்பதில். 8 மி.மீ. விட்டம், 4 செ.மீ. நீளமுள்ள துண்டு ஏறக்குறைய 2 கிராம் இருக்கும். மேற்பரப்பு 11 சதுர செ.மீ. அதன்மேல் 0.05 மி.மீ. தடிமனுக்கு ஈரம் ஒட்டியிருந்தாலே 0.05 கிராமுக்கு மேல் கூடிவிடும், அதாவது இரண்டரை சதவீதம். வரைகோடு சுழியைத் தாண்டும் இடத்தில், நாம் தேடும் எடை மாற்றமே அவ்வளவுதான் இருக்கும். ஊறவைக்கும் முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஒற்றி எடுத்தால் பிழை அடிபட்டுப் போகும், சரி. ஆனால் ஒரு மாணவர் வடிதாளில் லேசாக உருட்டுவார், இன்னொருவர் அழுத்திப் பிழிவார். அடர்ந்த சர்க்கரைக் கரைசல் வேறு பிசுபிசுவென்று கூடுதலாக ஒட்டும். தராசு ஒன்றே ஒன்று என்றால், வரிசையில் காத்திருக்கும் துண்டு காய ஆரம்பித்துவிடும்.

சொட்டு முறையில் துடைக்கவே வேண்டாம். ஒவ்வொரு செறிவுக்கும் இரண்டு குழாய். ஒன்றில் திசுத் துண்டுகள்; மற்றதில் அதே கரைசலோடு குச்சி முனையில் ஒட்டும் அளவு மெத்திலீன் நீலச் சாயம். ஊறிய பிறகு துண்டுகளை எடுத்துவிட்டு, நீலக் கரைசலில் ஒரு சொட்டைத் திசு ஊறிய கரைசலின் நடுவில் மெதுவாக விட வேண்டும். சொட்டு மேலே போனால் கரைசல் அடர்ந்திருக்கிறது, திசு நீரை உறிஞ்சியிருக்கிறது. கீழே இறங்கினால் திசு நீரை விட்டிருக்கிறது. எங்கும் நகராமல் அப்படியே நின்று கலைந்தால், அதுதான் நாம் தேடிய செறிவு. நீல நூல் மேலே வளைந்து ஏறுவதைப் பார்த்த மாணவருக்கு அப்புறம் விளக்கம் தேவைப்படுவதில்லை.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. எடை முறையில் கரைசல் தாராளமாக இருக்கலாம். இங்கே குறைவாகத்தான் இருக்க வேண்டும், துண்டுகள் நிறைய வேண்டும். இல்லாவிட்டால் செறிவு மாறியது தெரியாது. இரண்டு குழாய்களும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். கைச்சூட்டில் வெகுநேரம் பிடித்திருந்த குழாய் ஏமாற்றிவிடும். சாயம் கூடினாலும் சொட்டு கனத்துவிடும், அதனால் திசு போடாத கரைசலில் முதலில் விட்டு, நிற்கிறதா என்று பாருங்கள். வெட்டுப்பட்ட செல்களின் சாறு கரைசலில் கலப்பது இந்த முறையின் உண்மையான பலவீனம். உருளைக்கிழங்கில் அது என்னை அதிகம் படுத்தவில்லை. இலைத் துண்டுகளில் நான் செய்து பார்த்தது குறைவு, அங்கே உறுதி சொல்ல மாட்டேன்.

இன்னொரு குறை, விடை ஒரு புள்ளியாக வராமல் இடைவெளியாக வரும். 0.2, 0.3 மோலாருக்கு நடுவில் என்று தெரிந்தால், அடுத்த சுற்றில் 0.02 படியாக வைக்கலாம். 27 டிகிரி செல்சியஸில் 0.3 மோலார் சுக்ரோஸின் நீரியல் திறன் சுமார் −0.75 மெகா பாஸ்கல். அப்படிப் பார்த்தால் ஒரு படி 0.05 மெகா பாஸ்கல். வகுப்புக்கு இது தாராளம்.

ரியோ செடியின் இலைத் தோலில் பிளாஸ்மா சிதைவு (நீரை இழந்த செல்லின் உள்ளடக்கம் சுருங்கிச் சுவரை விட்டு விலகுவது) பார்ப்பதை இவற்றோடு சேர்க்கவில்லை. பாதி செல்கள் சிதையும் செறிவு தருவது செல்சாற்றின் ஊடுபரவல் திறனைத்தான், அதாவது கரைபொருள்களால் வரும் பங்கை மட்டும். செல் உள்ளிருந்து சுவரை அழுத்தும் விறைப்பழுத்தம் அதில் சுழியாகிவிடுகிறது. வயலில் நிற்கும் செடியின் இலைக்கு என்றால் 1965-இல் ஷோலாண்டர் குழுவினர் பிரபலமாக்கிய அழுத்தக் கலன்தான் சரி, ஆனால் அதற்கு நைட்ரஜன் உருளை வேண்டும்.