பெயின்ட் வாளியா, மண்தொட்டியா? மண்புழு உரத்துக்கு எது தாங்கும்?

போன வருஷம் ஜனவரியில் எங்கள் தெருவில் 11 வீட்டுக்கு மண்புழு பங்கு பிரித்துக் கொடுத்தேன். மகளிர் குழுக் கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் வகுப்பு, கையோடு ஆளுக்கொரு வாளி. மே மாதம் பாதியில் 8 வீட்டில் ஒரு புழு மிச்சமில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. 20 லிட்டர் பெயின்ட் வாளி போதும் என்று சொன்னவளே நான்தான்.

இந்த வருஷம் என் மாடியில் வாய் அகன்ற மண்தொட்டி மூன்று இருக்கின்றன. அதனால் நான் எந்தப் பக்கம் பேசப்போகிறேன் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை.

வாளிக்கும் நியாயம் சொல்லிவிடுகிறேன். செலவில்லை. வீடு வெள்ளையடித்தவர்கள் சும்மாவே தருவார்கள். கம்பியைக் காய்ச்சி ஓட்டை போட ஐந்து நிமிஷம். பிடி இருப்பதால் தூக்கி நகர்த்தலாம். மார்கழி, தை இரண்டு மாதமும் என் வாளியில் புழு நன்றாகவே பெருகியது. 50 நாளில் டீத்தூள் மாதிரி கருப்பாக, வாடையில்லாத உரம் கிடைத்தது. எலுமிச்சைத் தோல், ஊறுகாய், எண்ணெய்ப் பண்டம், மீன் கழிவு ஆகாது என்பதெல்லாம் எந்தப் பாத்திரமானாலும் ஒன்றுதான், அதில் ஒப்பிட எதுவும் இல்லை.

வித்தியாசம் வெயிலில்தான். திருச்சி வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத்தான் சொல்ல வேண்டும். மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, ஈரமான தோல் வழியாகத்தான் மூச்சு. உரத்துக்கு வளர்க்கும் புழுக்களில் பலவும் 35 டிகிரியைத் தாண்டினால் தள்ளாடிப்போகும். தோட்டத்து மண்ணில் இருக்கும் புழு சூடு ஏறினால் கீழே இறங்கிக்கொள்ளும். வாளியில் எங்கே இறங்கும்? போதாக்குறைக்கு நாம் போடும் காய்கறிக் கழிவும் அழுகும்போது தன் பங்குக்குச் சூட்டைக் கிளப்பும். பிளாஸ்டிக் அதை வெளியே விடாது.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் மூடியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. அதோடு வேகவைத்த சேமியா மாதிரி புழுக்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. பெருகிவிட்டன என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். உண்மையில் அவை தப்பி ஓடப் பார்த்திருக்கின்றன. மூன்றாம் நாள் வாளியைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு நாற்றம்.

மண்தொட்டியில் நடப்பது நம் வீட்டுப் பானைத் தண்ணீர் கதைதான். சுவரில் ஈரம் கசிந்து ஆவியாகும், உள்ளே குளிரும். ஒரே நிழலில் இரண்டையும் வைத்து, மீன்தொட்டிக்கு வாங்கிய வெப்பமானியைச் செருகிப் பார்த்தேன். பிற்பகல் 2 மணிக்கு வாளிக்குள் 38, தொட்டிக்குள் 31. ஒரே ஒரு நாள் பார்த்த கணக்குதான், ஆனால் கையை வைத்தாலே வித்தியாசம் தெரிந்தது.

இதற்கு விலையும் உண்டு. தொட்டி சீக்கிரம் காயும். கோடையில் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும், மேலே நனைத்த கோணிச்சாக்கு கிடக்க வேண்டும். கனம் வேறு. நான் ஒன்றை நகர்த்தும்போதே உடைத்தேன். "வேலை வைக்காதது வாளிதானே டீச்சர்?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டது சரியான கேள்வி.

ஆனால் காய்ந்தால் தொட்டி சொல்லிவிடும். ஈரம் இருக்கும்வரை சுவர் அடர்ந்த செங்கல் நிறத்தில் இருக்கும், ஈரம் குறையக் குறைய மேலிருந்து வெளுத்துக்கொண்டே வரும். பாதிக்கு மேல் வெளுத்தால் தண்ணீர் தெளி, முடிந்தது பாடம். வாளிக்கு நான் சொல்லிக்கொடுத்தது, ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக்கூடாது என்பது. சரியான சோதனைதான். ஆனால் புழுவைத் தொடவே கூசுகிற புது ஆளிடம் தினமும் அள்ளிப் பிழியச் சொன்னால் மூன்றாம் நாள் விட்டுவிடுவார். வாளியில் ஈரம் கூடியதும் தெரியாது, குறைந்ததும் தெரியாது, நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். சொல்லித்தருகிறவளுக்கு இதைவிடப் பெரிய வித்தியாசம் வேறில்லை.

மூன்றாவதாக, மண்புழு உரம் போடவென்றே கடையில் விற்கும் பச்சை நிறப் படுக்கைப் பை. 12 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரம். லால்குடியில் தம்பி வைத்திருக்கிறான். இரண்டு மாடு உள்ள அவனுக்கு அதுதான் சரி, தொட்டி அங்கே விளையாட்டுச் சாமான். நான் பை வைத்து வளர்த்ததில்லை. தென்னை நிழலில் போட்டு, சாணத்தை இரண்டு வாரம் ஆறவைத்துவிட்டுப் போட வேண்டும், பச்சைச் சாணம் புழுவை அவித்துவிடும் என்பது அவன் சொன்னது. பெருச்சாளி ஒருமுறை அடியில் கடித்து ஓட்டை போட்டதையும் சொன்னான்.

எந்தப் புழு என்பதில் எனக்குக் கை பழகவில்லை. கடைகளில் அதிகம் ஓடுவது ஐரோப்பியச் சிவப்புப் புழுவும் ஆப்பிரிக்கப் புழுவும். சென்னையைச் சேர்ந்த மண் உயிரியலாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் பல வருஷமாக நம் ஊர்ப் புழுக்களையே வளர்க்கச் சொல்லிவருகிறார். விற்றவரிடம் என்ன ரகம் என்று கேட்டேன். "எல்லாம் ஒன்னுதாங்க" என்றார். இப்போது தம்பி வீட்டு எருக்குழியிலிருந்து எடுத்துவந்ததும் சேர்ந்து என் தொட்டியில் கலப்படம்தான். ஒரு கோடையைத் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இந்த வருஷ வகுப்பில் தொட்டியை நடுவில் வைத்துத்தான் ஆரம்பித்தேன். மூலைவீட்டு ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது ராத்திரி ஊர்ந்து வந்து அரிசிப் பானையில ஏறாதா?" என்றார். புழுவுக்கு வெளிச்சம் ஆகாது என்று சொல்லி, ஒரு கை உரத்தை வெயிலில் கூம்பாகக் குவித்துக் காட்டினேன். பத்து நிமிஷத்தில் எல்லாம் அடியில் இறங்கிவிட்டன. மேல் உரத்தை ஆயாவே வழித்து எடுத்தார். அவர் வீட்டில்தான் இப்போது நாலாவது தொட்டி.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. அடியில் மூன்று ஓட்டை வேண்டும் என்று குயவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பச்சை மண்ணாக இருக்கும்போதே போட்டுவிடுவார். சுட்ட தொட்டியை வீட்டில் துளைக்கப் போய் விரிசல் விட்டது ஒன்று, என் மாடியில் துளசி வைத்துக் கிடக்கிறது. பளபளவென்று பெயின்ட் அடித்த தொட்டி வேண்டாம், அது கசியாது. அடியில் செங்கல் வைத்துத் தூக்கி, செங்கலைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினால் எறும்பும் வராது.