32,000 கேட்கிறார்கள், 17,800 பெறும்: புதுப்பித்த மாஸி ஃபெர்குசன் 135 ஒன்றின் கணக்கு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் பக்கம் ஒரு பட்டறையில் புதுப்பித்த மாஸி ஃபெர்குசன் 135 டிராக்டர் ஒன்று விற்பனைக்கு நிற்கிறது. சிவப்பு பானெட் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கிறது. கேட்கும் விலை 32,000 வெள்ளி (ரிங்கிட்). பில்களையும் வண்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கள் கணக்கு 17,800-இல் நிற்கிறது.

விற்பவரின் கணக்கு எளிது. வண்டி வாங்கியது 13,000, பில்கள் 15,600, அதற்கு மேல் லாபம். ஆனால் செலவழித்த காசெல்லாம் விலையில் ஏறாது. வாங்குபவர் மறுபடியும் செய்யத் தேவையில்லாத வேலைக்கு மட்டும்தான் காசு தர வேண்டும்.

முதலில், வண்டி யார் என்று பார்க்க வேண்டும். முன்னால் வைத்திருக்கும் பலகையில் "1962" என்று எழுதியிருக்கிறது. 135 ரகம் வெளிவந்ததே 1964 கடைசியில். 1962-இல் ஓடியது அதற்கு முந்தைய 35. விற்பவர் பொய் சொல்கிறார் என்று இதற்கு அர்த்தமில்லை. தோட்டத்தில் யாரோ வாய்க்கணக்கில் சொன்னது பலகையில் ஏறியிருக்கலாம். ஆனால் வருடத்துக்காகக் கூடுதல் விலை கேட்டால் ஒரு காசும் தரக்கூடாது. டேஷ்போர்டில் இருக்கும் சீரியல் தகடு மட்டுமே பேசும். தகடு பழையதாக இருந்து, ரிவிட் மட்டும் புதுசாகப் பளிச்சென்று இருந்தால் தகடு வேறு வண்டியிலிருந்து வந்திருக்கலாம். இதில் தகடும் ரிவிட்டும் ஒரே வயது. இங்கிலாந்தின் கவென்ட்ரி தொழிற்சாலை வண்டிதான்.

கவென்ட்ரியா இல்லையா என்பது ஏன் முக்கியம் என்றால், இதே குடும்பத்து வண்டிகளை யுகோஸ்லாவியாவில் ஐஎம்டி, சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே ஆகியவையும் உரிமம் வாங்கிச் செய்தன. வேலைக்கு எதுவும் குறைவில்லை. சேகரிப்பவருக்கு விலை வேறு. வேலைக்கு வாங்குபவருக்கு இதில் ஒரு நன்மையும் உண்டு: பெர்கின்ஸ் எஞ்சினைச் சென்னையில் சிம்சன் உரிமத்தோடு செய்ததால், லைனர், பிஸ்டன், கேஸ்கட் எல்லாம் இந்தியச் சாமானாகக் கிடைக்கின்றன. எஞ்சினுக்குள் இந்திய லைனர் இருப்பது மதிப்பைக் குறைக்காது. வெளியே தெரியும் பானெட் மாற்றுத் தகடாக இருந்தால் குறைக்கும். இதில் பானெட் மாற்றுதான். தட்டினால் டப்பா மாதிரிச் சத்தம், கீல் பக்கம் ஒரு விரல் இடைவெளி.

அடிப்படை விலைக்கு, ஓடும் நிலையில் பெயிண்ட் அடிக்காமல் விற்பனைக்கு இருந்த மூன்று 135-ஐ எடுத்துக்கொண்டோம். கேட்ட விலைகள் 11,500, 12,000, 14,000. கடைசி வண்டிக்கு ஜேபிஜே கிராண்ட், அதாவது சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவுப் பத்திரம், இருந்தது. இதற்கு இல்லை, தோட்டத்துக்குள்ளேயே ஓடிய வண்டி. ஆகவே 12,000.

எஞ்சின் பில் 4,200: லைனர், பிஸ்டன், பேரிங், ஹெட் வேலை. வந்து இறங்கியதும் பிளாக்கில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டிவிட்டார்கள், ஆறும்வரை காத்திருங்கள். நம் வெயிலுக்கு மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் உடனே பற்ற வேண்டும். பற்றியது, வெள்ளைப் புகை சீக்கிரமே அடங்கியது, நீலப் புகை இல்லை. இருபது நிமிடம் ஓடிச் சூடானபின் முழு ஆக்ஸிலேட்டரில் ஆயில் பிரஷர் 30 பிஎஸ்ஐக்குக் கீழே போகக்கூடாது, இதில் 45. ஆயில் குச்சியையும் முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து, அளவும் ஏறியிருந்தால் டீசல் பம்பின் ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது. இங்கே அந்தக் குறையும் இல்லை. 4,200-ஐ முழுசாகக் கொடுத்தோம்.

டயர் பில் 2,800, பின்பக்கம் இரண்டு. கட்டை இன்னும் தேயவே இல்லை. ஆனால் பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்கம் 1416, அதாவது 2016-இன் 14-ஆவது வாரம். பில் புதுசு, ரப்பர் பழசு. கட்டைகளுக்கு நடுவே விரலால் விரித்தால் மயிரிழை வெடிப்பு தெரிகிறது. பாதிதான், 1,400.

ஹைட்ராலிக்தான் இந்த வண்டியின் பலவீனம். 135-இல் கியர் பாக்ஸ், பின் ஆக்சில், பின்னால் மாட்டும் கருவியைக் கைகளால் தூக்கும் 'தூக்கி' மூன்றுக்கும் ஒரே எண்ணெய், சுமார் 30 லிட்டர். பம்ப் அந்த எண்ணெய்க்குள்ளேயே மூழ்கி இருக்கிறது. தண்ணீர் போனால் எல்லாமே கெடும். தண்ணீர் நுழையும் வழி கியர் கம்பிக்கு அடியில் இருக்கும் ரப்பர் உறை. பட்டறைக்காரர் அந்த ரப்பர் மேலும் சேர்த்துச் சாம்பல் பெயிண்ட் அடித்திருக்கிறார். நகத்தால் சுரண்டினால் பெயிண்ட் தோலாக உரிகிறது. அடியில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. எண்ணெய்க் குச்சியில் பால் கலந்த தேநீர் நிறம். நம் ஊர் மழையில் கூரையில்லாமல் நின்ற ஒவ்வொரு வண்டியிலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

சுமை வைத்துப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். 200 லிட்டர் தோம்பு இரண்டில் தண்ணீர் நிரப்பினால் 400 கிலோவுக்கு மேல். குளிர்ந்த எண்ணெயில் தூக்கி நன்றாகவே நின்றது. எண்ணெய் சூடானபின் கைகள் மெல்ல இறங்குவதும், சில வினாடிக்கு ஒருமுறை வெடுக்கென்று மேலே துள்ளுவதுமாக இருந்தன. தூக்கி சிலிண்டரில் சீல் கசிகிறது. இறங்கிய அளவைப் பம்ப் மறுபடி நிரப்புவதுதான் அந்தத் துள்ளல். சீட்டோடு சேர்த்து மேல் மூடியைச் செயின் பிளாக்கில் தூக்கி, சீல் மாற்றி, எண்ணெய் முழுக்கக் கொட்டி, கழுவி நிரப்ப 2,500 ஆகும் என்று கழித்தோம். உள்ளே பம்ப் அரித்திருந்தால் இந்தத் தொகை போதாது.

பிரேக்: இடப்பக்க டிரம் ஓரத்தில் எண்ணெய்க் கோடு. ஆக்சில் சீல் கசிந்து பிரேக் கட்டை நனைந்திருக்கிறது. 600 கழிவு.

பெயிண்ட், பானெட், மட்கார்டு பில் 7,500. இதற்கு 2,500 கொடுத்ததே தாராளம். மட்கார்டு காலடியில் துரு மேலேயே பெயிண்ட் ஏறியிருக்கிறது, இப்போதே கொப்புளம் கட்டுகிறது. வயரிங்கும் ஆல்டர்னேட்டரும் 1,100; உழைக்கப்போகும் வண்டிக்கு நல்ல மாற்றம், ஆனால் அசல் டைனமோ போய்விட்டது. 800 வைத்தோம். மீட்டர் 37 மணி நேரம் காட்டுகிறது, மீட்டரே புதுசு. கூட்டவும் இல்லை, கழிக்கவும் இல்லை.

12,000, 4,200, 1,400, 2,500, 800. மொத்தம் 20,900. கழிவு 3,100. மிச்சம் 17,800.

இது சாதாரண ஆறு கியர் வண்டி. ஓடும்போதே ஹை, லோ என்று வேகம் மாற்றும் மல்டி பவர் அமைப்பு இருக்கும் 135 பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: லோவில் எஞ்சின் வண்டியின் வேகத்தைப் பிடித்து நிறுத்தாது. மேட்டிலிருந்து செம்பனைக் குலையோடு இறங்கும்போது வண்டி தானாக ஓடும்; பிரேக்கும் நனைந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. அதன் கிளட்ச் போனால் வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

ரப்பர்த் தோட்டத்தில் இந்தச் சிவப்பு வண்டியின் டிரெய்லரில் தொற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போன தலைமுறை இப்போது காசோடு இருக்கிறது. விற்பவர்களுக்கும் அது தெரியும். ஆசைக்காக இரண்டாயிரம் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை, அது ஆசைக்குக் கொடுக்கும் காசு என்று தெரிந்து கொடுத்தால் போதும்.

பட்டறைக்கு எஞ்சின் வேலையில் நல்ல கை இருக்கிறது. அதே கவனத்தைப் பின்பக்கத்துக்கும் காட்டியிருந்தால் 22,000 வரை தயங்காமல் சொல்லியிருப்போம். வாங்க நினைப்பவர் 16,000-இல் பேச்சைத் தொடங்கலாம். வண்டி ஓர் இரவு அசையாமல் நின்றபின் காலையில் போய், கண்ணெதிரே அடி டிரெயின் நட்டைத் தளர்த்தச் சொல்லுங்கள். எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர் ஒழுகினால் பம்புக்கும் சேர்த்துக் கழியுங்கள். நட்டைத் தொட விடமாட்டேன் என்றால் 12,000-க்கு மேல் பேச வேண்டாம்.